நின்றால் கொதிக்கும்

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையன்று டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில் வண்டிகள் ஓடுவதில்லை, ஊர்கின்றன. ஃபெர்ன்டேலில் தொடங்கி பான்டியாக் நகரம் வரை ஏறத்தாழ 16 மைலுக்குப் பழைய கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக முட்டிக்கொண்டு நிற்கும். குழந்தைகளுக்கு ஒரு கால்பந்து மைதானம் அமைக்கப் பணம் திரட்டலாம் என்று 1995இல் ஃபெர்ன்டேல்காரர்கள் தொடங்கிய 'வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்' இன்று லட்சக்கணக்கானோர் மடக்கு நாற்காலியோடு வந்து சாலையோரம் இடம் பிடிக்கும் திருவிழா. பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஓட்டுபவர்கள் பலருக்குக் கண் சாலையில் இருப்பதில்லை, டேஷ்போர்டில் இருக்கும் வெப்பமானியின் முள்ளில் இருக்கிறது. மதியம் தாண்டியதும் ஒரு ஷெவல் இங்கே, ஒரு மஸ்டாங் அங்கே என்று பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரங்கட்டி நிற்கும். அடியில் பச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

1960களில் இதே கார்கள் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை பந்தயம் விட்டதும் இதே சாலையில்தான். ராயல் ஓக்கில் டோட்டம் போல், ப்ளூம்ஃபீல்டு பக்கம் டெட்ஸ் என்று டிரைவ்-இன் உணவகங்கள் இருந்தன. பையன்கள் அங்கே பர்கர் தின்றுவிட்டு, பக்கத்து வண்டிக்காரனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாலையில் இறங்குவார்கள். டெட்ராய்ட் கம்பெனிகளின் பொறியாளர்களே தங்கள் கைவண்ணத்தை இரவில் அங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்த்ததுண்டு. பச்சை விளக்கு விழுந்ததும் கால் மைல் தூரத்தைப் பதினான்கு விநாடிக்குள் கடந்துவிட்டால் அன்றைய கதை முடிந்தது. அந்தப் பதினான்கு விநாடியில் எந்த ரேடியேட்டரும் கொதித்ததில்லை.

அறுபது வயதை நெருங்கும் இந்த வண்டிகளுக்கு இன்று வேகத்தில் பெரிதாக எதுவும் கெடுவதில்லை. நிற்க வைத்தால்தான் கெடுகிறது. மஸில் கார் என்று அழைக்கப்படும் இவற்றில் ஒன்றை வைத்திருக்கும் அமெரிக்கர் ஒருவர் புது ரேடியேட்டர், புது ஃபேன், புது பம்ப் என்று ஆயிரம் டாலருக்கு மேல் செலவழிக்கிறார் என்றால், அது பெரும்பாலும் இன்னும் வேகமாகப் போவதற்காக இருக்காது. மெதுவாகப் போவதற்கு அவர் கொடுக்கும் விலை அது.

இந்த வண்டிகள் பிறந்ததே ஒரு விதியைச் சுற்றிக்கொண்டு போனதால்தான். 1963இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் எதுவும் பந்தயத்தில் கை வைக்கக் கூடாது என்றது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினை வழக்கமான என்ஜினாகப் போடக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. பான்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களான பில் காலின்ஸ், ரஸ் ஜீ ஆகியோரும், வழக்கமான என்ஜினாகத்தானே கூடாது, வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் கூடுதல் வசதியாகக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். பெரிய காருக்குரிய 389 கன அங்குல என்ஜின், அதாவது 6.4 லிட்டர், டெம்பெஸ்ட் என்ற சிறிய உடலுக்குள் இறங்கியது. 1964இன் ஜிடிஓ இப்படி வந்ததுதான். கையிருப்பில் இருக்கும் மிகப் பெரிய என்ஜினை எடுத்து, அதைத் தாங்கும் மிகச் சிறிய வண்டியில் வைப்பது என்ற சூத்திரத்தை மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கிரைஸ்லரின் பிளைமவுத்தில் 425 குதிரைத்திறன் கொண்ட 426 ஹெமி வந்தது. 1970இல் செவர்லே ஷெவல் எஸ்எஸ் 454, எல்எஸ்6 வடிவில், 7.4 லிட்டரும் 450 குதிரைத்திறனுமாக வந்து நின்றது.

அந்தக் குதிரைத்திறன் எண்களிலேயே ஒரு குறும்பு உண்டு. என்ஜினைச் சோதனை மேடையில் ஏற்றி, ஃபேன், ஆல்டர்நேட்டர், சைலன்சர் போன்ற சுமைகளைக் கழற்றி வைத்துவிட்டு அளந்த எண்கள் அவை. 1972இலிருந்துதான் எல்லாவற்றையும் பூட்டி அளக்கும் நிகர முறை பொது வழக்கானது. விளம்பரத்தில் குளிர்விக்கும் கருவிக்கு இடமே இல்லை என்பதை அன்றைய மனநிலைக்கு ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்தாலே பெரிது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மீதியில் பெரும்பகுதியை என்ஜினைச் சுற்றியிருக்கும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதைக் காற்றில் கொட்டிவிட்டுத் திரும்பி வருவதற்கான இடம்தான் ரேடியேட்டர். இந்தக் கலையில் பெரிய பாய்ச்சல் நடந்தது 1900இல். வில்ஹெல்ம் மேபாக், 35 குதிரைத்திறன் மெர்சிடீஸ் காருக்காக 8,070 சின்னஞ்சிறு சதுரக் குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். தேவைப்பட்ட தண்ணீரின் அளவு பாதியாகி 9 லிட்டருக்கு வந்தது. அதன் பிறகு வந்தவை எல்லாம் அந்த யோசனையின் திருத்தங்களே.

மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஃபேன் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். நிற்கும்போது நிலைமை தலைகீழ். என்ஜின் நிமிடத்துக்கு 650, 700 சுற்றில் முனகிக்கொண்டிருக்க, அதோடு பெல்ட்டில் கட்டப்பட்ட ஃபேனும் அதே சோம்பலில் சுற்றும். வெப்பம் குறைவாகத்தான் உற்பத்தியாகிறது, ஆனால் அதை எடுத்துப் போக ஆளில்லை. முன்னால் நிற்கும் காரின் புகையும் வெயிலில் காய்ந்த தாரும் போதாதென்று, பின்னாளில் பொருத்திய ஏசியின் கண்டென்சர் வேறு ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து வரும் காற்றைச் சுடவைத்து அனுப்புகிறது. அன்றைய மஸில் காரில் ஏசி அபூர்வம். இன்று அது இல்லாமல் கூட வரும் மனைவியோ மகனோ ஏறுவதில்லை.

அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: நிற்கும்போது சூடாகிறதா, ஓடும்போது சூடாகிறதா? நின்றால் சூடானால் குறை காற்றில். நெடுஞ்சாலையில் சூடானால் குறை தண்ணீரில், அதாவது அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், அல்லது உறிஞ்சும் வேகத்தில் அமுங்கிப்போகும் கீழ் ஹோஸ். அந்த ஹோஸுக்குள் ஒரு சுருள் கம்பி இருக்கும். பழைய ஹோஸை மாற்றும்போது கம்பி துருப்பிடித்திருந்தது என்று எறிந்துவிட்டு, புதிதாக ஒன்று வைக்காமல் விட்டவர்கள் உண்டு. இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டாலே பாதிப் பேருக்கு ரேடியேட்டர் வாங்கும் செலவு மிச்சமாகும்.

நின்றால் சூடாகும் வண்டிக்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. என்ஜின் ஓடட்டும். ரேடியேட்டரின் முன்பக்கத்தில் ஒரு தாளை வைத்துக் கையை எடுக்க வேண்டும். ஃபேன் ஒழுங்காக இழுத்தால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மூலையில் மட்டும் ஒட்டி மறு மூலையில் விழுந்தால், ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூண்டு இல்லை அல்லது பொருந்தவில்லை. 'ஷ்ரவுட்' என்ற இந்த பிளாஸ்டிக் அல்லது தகரக் கூண்டை என்ஜின் வேலை செய்யும்போது இடைஞ்சல் என்று கழற்றியவர்கள் திரும்ப மாட்டுவதேயில்லை. கூண்டில்லாத ஃபேன் தன் எதிரில் இருக்கும் வட்டத்துக்கு மட்டுமே காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் நான்கு மூலையும் சும்மா கிடக்கும். இறக்கையில் பாதி கூண்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருப்பதுதான் சரியான பொருத்தம் என்பது பழைய விதி. நானூறு டாலர் ரேடியேட்டர் செய்யாத வேலையைப் பல வண்டிகளில் இந்தக் கூண்டு செய்துவிடுகிறது. அழகில்லாத பொருள் என்பதாலோ என்னவோ, பட்டியலில் அது எப்போதும் கடைசியில்தான் வருகிறது.

ரேடியேட்டர் என்று வந்தால் செம்பா அலுமினியமா என்ற பஞ்சாயத்து இல்லாமல் முடியாது. செம்புக் கட்சிக்காரர்கள் பள்ளிக்கூடப் பாடத்தை எடுத்துவைப்பார்கள்: வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வல்லது. பாடம் சரி. ஆனால் பழைய ரேடியேட்டரில் செம்பு இருப்பது மெல்லிய துடுப்புத் தகடுகளில். தண்ணீர் ஓடும் குழாய்கள் பித்தளை. பித்தளையின் கடத்துதிறன் அலுமினியத்தில் ஏறத்தாழ பாதிதான். குழாயையும் தகட்டையும் சேர்த்துப் பிடிப்பது ஈயப் பற்று. அது இன்னும் மந்தம். அலுமினிய ரேடியேட்டரில் குழாயும் தகடும் உலையில் உருக்கி ஒட்டப்பட்டு ஒரே உலோகமாகிவிடுகின்றன.

இதெல்லாம்கூடப் பெரிய காரணமில்லை. குழாய்ச் சுவர் எந்த உலோகமாக இருந்தாலும் வெப்பம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. உண்மையான தடை, தகட்டிலிருந்து காற்றுக்குப் போகும் இடத்தில். அலுமினியம் ஜெயிப்பது அதன் உறுதியால். பித்தளைக் குழாயை அரை அங்குலத்துக்கு வெகுவாக மேலே அகலமாக்கினால் அழுத்தத்தில் உப்பிவிடும். உப்பாமலிருக்கச் சுவரைத் தடிமனாக்கினால் எடை கூடும். அலுமினியத்தில் ஓர் அங்குல அகலக் குழாயே செய்யலாம். இரண்டு வரிசை அலுமினியம் நான்கு வரிசைப் பித்தளையின் வேலையைச் செய்வது இதனால்தான். நான்கு வரிசையில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் காற்று ஏற்கெனவே மூன்று வரிசையின் சூட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கும், வேகமும் இழந்திருக்கும். தடித்த ரேடியேட்டர் போட்ட பிறகு நெடுஞ்சாலையில் சுகமாகவும் சிக்னலில் முன்பைவிட மோசமாகவும் ஆன வண்டிகளுக்கு விளக்கம் இதில் இருக்கிறது.

அலுமினியம் புதுமோகமும் அல்ல. கார்வெட்டில் 1960களின் தொடக்கத்திலேயே ஹாரிசன் நிறுவனத்தின் அலுமினிய ரேடியேட்டர் வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம்: குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் அரித்துப்போகும். வண்டியின் எர்த் இணைப்பு சரியில்லாவிட்டால் கூலண்ட் வழியாக மின்சாரம் கசிந்து ஊசித் துளைகள் போடும். செம்புப் பித்தளை இத்தகைய அலட்சியத்தைப் பல வருடம் பொறுத்துக்கொள்ளும். ஓட்டை விழுந்தாலும் ஈயம் வைத்து அடைத்துக்கொள்ளலாம்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில்தான் மூடநம்பிக்கை அதிகம். 195 டிகிரி ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி 160 போட்டால் வண்டி குளிர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். செல்சியஸில் சொன்னால் 91க்குப் பதில் 71. தெர்மோஸ்டாட் முடிவு செய்வது என்ஜினின் குறைந்தபட்ச வெப்பத்தை. அது முழுதாகத் திறந்துகொண்ட பிறகு மேலே எவ்வளவு ஏறும் என்பது ரேடியேட்டரின் கையில். திறன் போதாத ரேடியேட்டர் இருக்கும்போது 160 போட்டால் கொதிநிலைக்குப் போய்ச்சேரச் சில நிமிடங்கள் கூடுதலாகும், அவ்வளவுதான். தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டினால் தண்ணீர் 'வேகமாக ஓடி, ஆற நேரமில்லாமல்' போய்விடுகிறது என்ற விளக்கமும் தவறு. வேகமாக ஓடும் தண்ணீர் அதிக வெப்பத்தைத்தான் கொண்டுபோகும். தெர்மோஸ்டாட் தரும் தடுப்பு இல்லாதபோது என்ஜின் பிளாக்குக்குள் அழுத்தம் குறைந்து, சூடான இடங்களில் நீராவிக் குமிழிகள் கட்டிக்கொள்கின்றன. கெடுதல் அங்கிருந்து வருகிறது.

அழுத்தத்தைக் காப்பது ரேடியேட்டரின் மூடி. ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் கொதிநிலையைச் சுமார் 3 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்த்தும். தண்ணீரும் எதிலீன் கிளைகாலும் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் 106, 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ மூடிக்கு அடியில் 130ஐ நெருங்கும். இருபது டாலருக்குள் முடிகிற இந்த மூடியின் ரப்பர் வெடித்துப்போனால், மேலே சொன்ன எல்லாம் இருந்தும் வண்டி கொதிக்கும்.

1960களின் பல கார்களில் கூலண்ட் வழிந்தால் பிடித்து வைத்துத் திரும்பக் கொடுக்கும் குப்பி கிடையாது. சூட்டில் விரிவடைந்த தண்ணீர் ஒரு சிறு குழாய் வழியே தரையில் கொட்டும். ரேடியேட்டர் தனக்கு வேண்டிய மட்டத்தைத் தானே முடிவு செய்துகொண்டு, கழுத்துக்குச் சில அங்குலம் கீழே நின்றுவிடும். அதுதான் சரியான மட்டம். உரிமையாளர் மறுநாள் காலை திறந்து பார்ப்பார், குறைந்திருக்கிறதே என்று விளிம்பு வரை நிரப்புவார், மாலை மறுபடி கொட்டும். வண்டிக்கு நோய் என்று முடிவாகிவிடும். அன்று பல மாடல்களில் வெப்பமானியே இல்லாமல் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் இருந்தது. நிலைமை கைமீறிய பிறகுதான் அது எரியும். இப்போது முதல் வேலையாக எண்கள் உள்ள வெப்பமானியைப் பொருத்துகிறார்கள். அதில் 205, 210 என்று பார்த்ததும் தூக்கம் போய்விடுகிறது. செல்சியஸில் அது 96லிருந்து 99. இன்றைய கார்கள் அலட்டிக்கொள்ளாமல் தினமும் ஓடுகிற வெப்பம்.

ரேடியேட்டருக்குச் சம்பந்தமில்லாத இடங்களிலிருந்தும் சூடு வரும். கலிபோர்னியா 1966 மாடல்களுக்கும், கூட்டரசு 1968 மாடல்களுக்கும் புகைக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. எரியாத பெட்ரோல் ஆவியைச் சூட்டிலேயே எரித்துவிட, நிற்கும் நேரத்தில் தீப்பொறி சற்றுத் தாமதமாக விழும்படி கம்பெனிகள் ஏற்பாடு செய்தன. தாமதமான தீ, என்ஜினைச் சுடவைக்கும். அது அவர்களுக்கும் தெரியும் என்பதால், கூலண்ட் அளவுக்கு மீறிச் சூடானால் இக்னிஷனை முன்னுக்குத் தள்ளும் வெப்ப வால்வு ஒன்றையும் சேர்த்தே வைத்தார்கள். ஐம்பது வருடத்தில் அந்த வால்வு செத்திருக்கும், குழாய்கள் மாறியிருக்கும். ஃபோர்டின் சிறிய வி8 என்ஜினில் இன்னொரு கண்ணி: ஹெட் கேஸ்கெட்டில் 'ஃப்ரண்ட்' என்று அச்சடித்திருப்பதைக் கவனிக்காமல் திருப்பிப் போட்டால் தண்ணீர் போகும் வழி அடைபடும். வெளியே எத்தனை ரேடியேட்டர் மாற்றினாலும் பலனிருக்காது.

மின்சார ஃபேன் இவை எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லப்படுகிறது. பாதி உண்மை. என்ஜின் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் அது முழு வேகத்தில் காற்றை இழுக்கும். பழைய வண்டிகளின் இடுகாட்டில் ஃபோர்டு டாரஸ் ஒன்றின் ஃபேனைக் கழற்றிவந்து மஸில் காரில் மாட்டுவது நீண்டகாலமாக நடக்கும் சிக்கன வித்தை. ஆனால் அது முழு வேகத்தில் 30 ஆம்பியருக்கு மேல் கேட்கும். கிளம்பும் கணத்தில் இன்னும் பல மடங்கு. 1960களின் ஆல்டர்நேட்டர்கள் பல 37இலிருந்து 60 ஆம்பியர் வரை மட்டுமே கொடுத்தவை. அதுவும் வேகமாகச் சுற்றினால்தான். சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கும். சரி, பெரிய ஆல்டர்நேட்டர் போடலாம் என்றால், கிரைஸ்லர் வகை வண்டிகளில் பேட்டரிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு அம்மீட்டரைச் சுற்றிவரும் அமைப்பு. நெருப்புச்சுவரில் இருக்கும் பழைய கனெக்டர் அந்தச் சுமையில் உருகும். ஆகவே வயரிங்கும் மாற வேண்டும். கொதிக்கிறதே என்று ஆரம்பித்தவர் தீப்பிடிக்குமோ என்ற கவலையில் போய் நிற்பார். ஒழுங்கான கூண்டும், சூட்டுக்கேற்பப் பிடித்துவிடும் சிலிக்கோன் கிளட்ச்சும் கொண்ட பெல்ட் ஃபேனே பெரும்பாலான தெரு வண்டிகளுக்குப் போதும்.

கம்பெனிகளுக்கும் இந்தப் பலவீனம் தெரியாமலில்லை. கூடுதல் பணம் கொடுத்தால் கிரைஸ்லரின் பிளைமவுத், டாட்ஜ் கார்களுக்கான பந்தயத் தொகுப்புகளில் 26 அங்குல ரேடியேட்டரும் ஏழு இறக்கை ஃபேனும் கூண்டும் கிடைத்தன. சாதாரண வண்டிக்கு 22 அங்குலம். அன்று நாலு காசு பார்த்து 22ஐ வாங்கியவரின் வண்டிதான் இன்று வேறொருவர் கையில் வுட்வர்டில் ஆவி விடுகிறது.

இதில் சந்தை வேறு குறுக்கே நிற்கிறது. கிரைஸ்லர் ரேடியேட்டரின் மேல் டேங்கில் பாக எண்ணும் தயாரித்த தேதியும் பொறித்திருக்கும். 1910இல் நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட்டில் ஹெர்பர்ட் ஹாரிசன் தொடங்கி, பின்னர் ஜெனரல் மோட்டார்ஸின் பிரிவாகிவிட்ட ஹாரிசனின் ரேடியேட்டரில் குறியீட்டெழுத்து அடித்த ஒரு சிறு பித்தளைத் தகடு இருக்கும். வண்டியின் பிறந்த தேதியோடு அது ஒத்துப்போனால் ஏலத்தில் விலை ஏறும். ஆகவே அலுமினியத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பழையது போலக் காட்டுகிறார்கள்; தகட்டையும் நகலெடுத்து விற்கிறார்கள். கண்காட்சியில் நிற்கும் வண்டி கொதித்தால் என்ன, அதைத்தான் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவருகிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. ஓடாத காருக்கு ஏற்ற வாதம்.

நேர்மையான நடுவழி, பழைய டேங்குகளை வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் குழாய்க் கூட்டை மட்டும் புதிதாக மாற்றுவது. ஈயம் வைக்கத் தெரிந்த கைகள் குறைந்துவருவதால் அதற்கு அலுமினியத்தைவிட அதிகம் செலவாகிறது. முடியாதவர்கள் அலுமினியம் போட்டுக்கொள்ளட்டும். மூடி, ஹோஸ், தீப்பொறி நேரம், கூண்டு இவற்றைப் பார்த்து முடித்த பிறகு. ஆனால் கழற்றிய பழைய ரேடியேட்டரை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். தண்ணீரை முழுக்க வடித்து, எந்த வண்டியுடையது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டி, காராஜ் பரணில் வையுங்கள். வண்டியை வாங்கப் போகிற அடுத்தவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.